தோற்றுத் திரும்பும் பிள்ளைகளுக்காக: விளையாட்டு விடுதி நிர்வாகத்துக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

விடுதி நிர்வாகக் குழுவினருக்கும், பயிற்சியாளர்களுக்கும், வார்டன் மேடத்துக்கும்,

மாநில அளவிலான போட்டிகளில் தொடர்ந்து இரண்டு முறை பதக்கம் பெறாத மாணவ மாணவியர், கல்வியாண்டின் நடுவே என்றாலும், விடுதியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறீர்கள். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கான காரணத்தை உங்களிடம் மட்டும் சொன்னால் ஒரு தாயின் புலம்பலாகப் போய்விடும். இதே போன்ற விடுதிகளில் பிள்ளைகளை விட்டிருக்கிற மற்றப் பெற்றோரும், இதே போன்ற விடுதிகளை நடத்துகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். விடுதியின் பெயரையோ யாருடைய பெயரையோ எழுதப் போவதில்லை. எனக்கு யாரையும் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை. இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

என் மகள் நீளம் தாண்டும் வீராங்கனை, பதினொன்றாம் வகுப்பு. இந்த ஆண்டு மாநிலப் போட்டியில் அவளுடைய மூன்று தாண்டலும் ஃபவுல், எகிற வேண்டிய பலகையைக் கால் தாண்டிவிட்டது. மூன்று முறையும் சிவப்புக் கொடி. நீளம் தாண்டுதலில் முதல் மூன்று வாய்ப்புகளில் வரும் தூரத்தை வைத்து எட்டுப் பேருக்குத்தான் அடுத்த மூன்று வாய்ப்பு தருவார்கள். இவளுக்குத் தூரமே பதிவாகவில்லை. முடிவுத் தாளில் பெயருக்கு எதிரே என்.எம். (நோ மார்க், தூரம் பதிவாகவில்லை) என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் என்னிடம் சொன்னது இது: "அம்மா, மூணுமே அஞ்சு மீட்டருக்கு மேல விழுந்தேன். பிட்டுல என் கால் தடம் இருந்துச்சு. அளக்காமலே மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க."

ஏன் ஃபவுல் ஆனது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. காலையில் ஓட்டப் பாதையில் செக் மார்க் (ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கான அடையாளம்) வைத்தபோது காற்று எதிரே அடித்தது. மதியம் அவளுடைய பிரிவைக் கூப்பிட்டபோது காற்று பின்னாலிருந்து தள்ளியது. பின்காற்றில் ஒவ்வோர் எட்டும் கொஞ்சம் நீளும். பதினாறு எட்டு எடுத்து வைத்து 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் கால் பதிக்க வேண்டிய இடத்தில், அந்தக் கொஞ்சம் போதும் கால் தாண்டிப் போக. முதல் ஃபவுலுக்குப் பிறகு யாராவது அருகில் வந்து, மார்க்கை ஓர் அடி பின்னால் தள்ளி வை என்று சொல்லியிருந்தால் போதும். அப்போது பயிற்சியாளர் வேறு மாணவர்களுடன் குண்டெறியும் இடத்தில் இருந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்சியாளர்கள் என்றால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது.

என் குறை, அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

திரும்பி வரும் பேருந்தில் பதக்கம் வாங்கியவர்களை முன்னால் உட்கார வைத்து, மற்றவர்களைப் பின்னால் போகச் சொன்னீர்கள். வழியில் ஹோட்டலில் நிறுத்தியபோது, "உங்களுக்குப் போட்ட சோறு வேஸ்ட்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டது. அன்று இரவு வீட்டுக்குப் போன் பேச அனுமதி பதக்கம் வாங்கியவர்களுக்கு மட்டும். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பதக்கம் வாங்காதவர்கள் மைதானத்தை இருபது ரவுண்டு ஓட வேண்டும். ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்டக் காலணியை) கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினீர்கள், அடுத்த பதக்கம் வரை கிடையாது என்று. அப்புறம் பெற்றோர் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் பதக்கத்தோடு நிற்கும் பிள்ளைகள். இன்னொன்றில் பதக்கம் வாங்காதவர்களின் பெயர்ப் பட்டியல், வகுப்போடும் ஊரோடும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர், "பாப்பா ஜெயிக்கலையாமே" என்று கேட்டார். என் மகளிடமிருந்து எனக்குச் செய்தி வருவதற்கு முன்பே தெருவுக்குச் செய்தி போய்விட்டது.

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தூக்கம் கெட்ட உடம்பையும் சாப்பாடு இறங்காத உடம்பையும் பார்த்தால் எனக்குத் தெரியும். விடுமுறையில் வந்த பெண் இரவு இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து, யாரோ எடுத்துக் கொடுத்த அந்த மூன்று தாண்டல்களின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினாள், வெயிட் போட்டதால்தான் கால் தாண்டிப் போனது என்று யாரோ சொன்னார்களாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி இருந்ததை மறைத்திருந்தாள். இருபது ரவுண்டுக்குப் பிறகு அது அதிகமாகியிருந்தது. அவளுடைய தோழிகள் வந்து கூப்பிட்டபோது வெளியே போகவில்லை.

சரி, தோற்றால் வருத்தம் இருக்கத்தான் செய்யும், அதுகூட இல்லாவிட்டால் எப்படி ஜெயிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தோல்வி வலிக்க வேண்டும். ஆனால் வலிக்கிற பிள்ளையிடம் அடுத்த சில மணி நேரத்தில் நாம் நடந்துகொள்ளும் விதம், அந்த வலி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்கிறது. போட்டி முடிந்த கையோடு உடம்பு இன்னும் படபடப்பில்தான் இருக்கும். அந்த நேரத்தில் காதில் விழும் வார்த்தை அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் தொழில்நுட்பம் பேசினால் ஏறாது, திட்டினால் மட்டும் ஏறும். முதலில் தண்ணீர், சாப்பாடு, குளியல், தூக்கம். மறுநாள் பொறுமையாக உட்கார்ந்து வீடியோவைப் பார்த்து, எந்த எட்டில் தவறியது என்று பேசலாம். அப்படிப் பார்க்கும்போது கடைசியில் ஒரு முடிவு கிடைக்கும்: மார்க்கைத் தள்ளு, காற்றைப் பார், கடைசி நான்கு எட்டில் தலையைக் குனியாதே. தனியாக நள்ளிரவில் பார்க்கும்போது அதே வீடியோவில் எந்த முடிவும் கிடைக்காது. நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்பது மட்டும்தான் மிஞ்சும். ஒரே வீடியோதான். யாரோடு, எப்போது பார்க்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வருந்துவதும் இல்லை. விடுதியில் ஒரு கபடிப் பையன் இருக்கிறான், ரெய்டர். அரையிறுதியில் கடைசி ரெய்டில் பிடிபட்டுத் தோற்றார்கள். அவன் பேருந்தில் பாட்டுப் பாடிச் சிரித்துக்கொண்டு வந்தானாம். தோற்றுட்டுச் சிரிக்கிறான், திமிர் என்று அவனுக்குக் கூடுதலாகப் பத்து ரவுண்டு. பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய அம்மா என்னிடம் சொன்னார்: வீட்டுக்கு வந்த அன்று ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதிருக்கிறான், தங்கைதான் பார்த்திருக்கிறாள். ஆண் பிள்ளை அழக் கூடாது என்று நாமே சொல்லி வளர்த்துவிட்டு, அவன் சிரித்தால் அதையும் குற்றம் என்கிறோம். சில பிள்ளைகள் கோபப்படும். சில பேசாமல் சுருண்டுவிடும். சில மறுநாளே வெறித்தனமாகப் பயிற்சி செய்து காயப்படுத்திக்கொள்ளும். இவை எல்லாமே ஒரே துக்கத்தின் முகங்கள் என்று படிக்கத் தெரிந்த ஒருவராவது விடுதியில் இருக்க வேண்டும்.

தண்டனை என்ன செய்தது என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. மாநிலப் போட்டிக்குப் பிறகு நடந்த ஒரு சிறிய அழைப்புப் போட்டியில், இரவல் ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு தாண்டினாள். நான் நேரில் பார்த்தேன். ஓடி வருகிறாள், பலகை நெருங்கும்போது எட்டு சுருங்குகிறது, கால் தயங்குகிறது, பலகைக்கு ஓர் அடி முன்னாலேயே எகிறிவிடுகிறாள். சிவப்புக் கொடி ஒன்றுகூட இல்லை. தூரம் 4.80. ஐந்து மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிறவள். பலகையைத் தொடவே பயந்துபோன பெண் அவள். காய்ச்சலில் வந்த பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்தால் காய்ச்சல் குறையாது என்று நமக்குத் தெரிகிறது. இதில் மட்டும் ஏன் தெரிவதில்லை?

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை உங்கள் மாணவிகள் எல்லாருக்கும் தெரியும், விடுதி வரவேற்பறையிலேயே அவருடைய படம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். க்ளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் (எடையை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) மூன்று முயற்சியும் தோல்வி. மொத்த எடை என்று ஒன்றும் பதிவாகவில்லை, போட்டியை முடிக்கவில்லை என்றுதான் முடிவுத் தாளில் வந்தது. அவர் அப்போது மனம் உடைந்துபோனதையும், உளவியலாளரின் உதவியோடு மீண்டதையும் பிறகு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். மறு ஆண்டே, 2017ல், அமெரிக்காவின் அனஹெய்மில் உலக சாம்பியன். 2021ல் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி. ரியோவில் இருந்து திரும்பியவரை, தொடர்ந்து பதக்கம் இல்லை என்று யாராவது முகாமிலிருந்து அனுப்பியிருந்தால், அந்தப் படம் உங்கள் சுவரில் இருந்திருக்காது. உங்கள் சுவரில் தொங்குவது ஒரு வெற்றி மட்டும் இல்லை, ஒரு தோல்விக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த அவகாசமும்தான்.

என் மகளுடைய அலமாரியில் ஒட்டியிருப்பது ஜெஸ்வின் ஆல்ட்ரின் படம். தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர். 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தவர். அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் முதல் இரண்டையும் ஃபவுல் செய்து, மூன்றாவதில் 7.61 மட்டும் தாண்டி வெளியேறினார். அதற்கு முன்பு டோக்கியோவில் முரளி ஸ்ரீசங்கரும் அப்படித்தான்: அந்த ஆண்டே 8.26 தாண்டியிருந்தவர், அங்கே 7.69. மறு ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த்தில் 8.08 தாண்டி வெள்ளி வாங்கினார். முக்கால் மீட்டர், அரை மீட்டர் என்று நாட்டின் தலைசிறந்த வீரர்களுக்கே ஒரு நாளில் போய்விடுகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாள் கெட்டுப்போனால் அதற்கு இரண்டு பருவ அவகாசம்தானா?

பவானி தேவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது அதில் தெரிந்தது. சென்னையில் பிறந்த பெண். ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 2021 ஜூலையில் டோக்கியோவில் முதல் சுற்றில் துனீசிய வீராங்கனையை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவரான பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். அன்றே ட்விட்டரில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தியர் எவருமே அதுவரை நிற்காத இடத்தில் போய் நின்றவர் மன்னிப்புக் கேட்கிறார். பிரதமர் முதல் சாதாரண மக்கள் வரை அவருக்கு ஆறுதல் சொன்னார்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த மன்னிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? பேருந்தில் பின்னால் போய் உட்கார்ந்த பிள்ளைகளிடமிருந்து வருகிறது. பள்ளிக்கூட வயதிலேயே, தோற்றால் யாரிடமோ கடன்பட்டுவிட்டோம் என்று பழகிவிடுகிறார்கள்.

வினேஷ் போகத்துக்கு அதே டோக்கியோவில் ஆறுதல்கூடக் கிடைக்கவில்லை. காலிறுதியில் தோற்றுத் திரும்பியதும் மல்யுத்த சம்மேளனம் ஒழுங்கீனம் என்று சொல்லித் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. அவர் மன உளைச்சலை மறைக்காமல் எழுதினார். பிறகு காமன்வெல்த்தில் தங்கம், உலகப் போட்டியில் வெண்கலம், பாரிஸில், வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் அதுவரை தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியை வென்றது என்று அத்தனையும் அந்த இடைநீக்கத்துக்கு அப்புறம் நடந்தவை. பாரிஸில் 100 கிராம் எடை கூடி இறுதிப் போட்டி கைநழுவிப் போனதும், மறுநாளே அவர் விளையாட்டை விட்டு விலகுவதாக அறிவித்ததும் நாம் எல்லாரும் பார்த்தது. அன்றைக்கு உங்கள் விடுதியிலும் பிள்ளைகள் அழுதார்கள் என்று என் மகள் சொன்னாள். நீங்களும் கலங்கினீர்கள் என்றாள். அந்த இரக்கம் நம் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய வீரர்கள் மனத்தைக் கவனிக்க ஆள் வைத்துக்கொள்வது இப்போது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு, குகேஷ் தோற்றார். பதினெட்டு வயது. அவருடைய குழுவில் பாடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் இருந்தார், 2011ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு வேலை செய்தவர். மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் மீண்டார். 12வது ஆட்டத்தில் மறுபடியும் மோசமாகத் தோற்றார். 14வது ஆட்டத்தில் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு இருந்த வசதி நம் விடுதியில் வராது, தெரியும். நான் அந்த அளவு கேட்கவும் இல்லை. தோல்வியைத் தாங்குவதும் பயிற்சியில் ஒரு பாடம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2019ல் வெளியிட்ட நிபுணர்களின் கூட்டறிக்கை, வீரர்களின் மனநலத்தை உடல்நலத்திலிருந்து பிரிக்க முடியாது என்றே சொல்கிறது. டோக்கியோவில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவே விலகியது வெறும் மனச் சோர்வால் இல்லை. காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனது, அப்படியே தொடர்ந்திருந்தால் பெரிய காயம் ஏற்பட்டிருக்கலாம். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். இடம் குறைவு, காத்திருக்கும் பிள்ளைகள் அதிகம் என்கிறீர்கள். உண்மை. நன்கொடையாளர்கள் பதக்கப் பட்டியல் கேட்கிறார்கள் என்கிறீர்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். இன்னொன்று நீங்கள் வெளியே சொல்லாதது: பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவது பதக்க எண்ணிக்கையைப் பார்த்துத்தான். வாடகை வீட்டில், சின்னக் குழந்தைகளோடு இருக்கும் ஒரு பயிற்சியாளருக்கு என் மகளின் மூன்று சிவப்புக் கொடி தன் வேலைக்கு வந்த ஆபத்தாகத் தெரிந்திருக்கும். அந்தப் பயம் அவர் வாயில் "சோறு வேஸ்ட்" என்று வந்தது. அவர் கெட்டவர் என்று நான் நம்பவில்லை. மழையில் பிள்ளைகளோடு நின்று பயிற்சி கொடுப்பவர், காய்ச்சல் என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர். நிர்வாகம் அவர் தலையில் வைத்த பாரத்தை அவர் பிள்ளைகள் தலையில் இறக்குகிறார். ஆகவே இந்த மடல் பயிற்சியாளர்களை விட நிர்வாகக் குழுவுக்குத்தான் அதிகம்.

நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், அதனால்தான் உருப்பட்டோம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். ஐயா, உங்களோடு அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் பாதியில் விளையாட்டை விட்டுப் போனார்கள் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் யாரும் இன்று இந்தக் குழுவில் உட்கார்ந்து பேச வரவில்லை.

பதக்கத்தை மட்டும் அளவுகோலாக வைப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுக்குள் பெண் பிள்ளைகளின் உடம்பு மாறுகிறது. உயரம் கூடும், இடுப்பு விரியும், எட்டின் நீளம் மாறும். பழகிய ஓட்டக் கணக்கு எல்லாம் தப்பும். ஒன்றிரண்டு பருவம் தூரம் ஏறாமல் நிற்பது இயல்பு, பின்வாங்குவதும் உண்டு. மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் அதைச் சொல்லக்கூட இங்கே பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. இதெல்லாம் தடகளம் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் இரண்டு மாநிலப் போட்டி என்று ஒரு கோடு போட்டால், அந்த வயதுப் பெண்களைத்தான் அது முதலில் வெளியே தள்ளும்.

வெளியே தள்ளப்பட்ட பிள்ளை எங்கே போகும்? எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விடுதி என்றால் மூன்று வேளைச் சாப்பாடு, முட்டை, பள்ளிக்கூடம், அப்புறம் என்றைக்காவது அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒரு ஃபவுல் அவர்களுக்கு ஒரு ஃபவுலாக மட்டும் இருப்பதில்லை. அப்பாவின் கடன், தங்கையின் படிப்பு எல்லாம் அந்தப் பலகையில் ஏறி நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை நாம் மறந்துவிடக் கூடாது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்தார்கள். அவருடையது தோல்வியே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைச் சுற்றியிருந்த அமைப்புகள் கையை உதறிக்கொண்டன, அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்ததை நாளிதழ்களில் படித்தோம். மைதானத்தில் நடப்பதை விட, மைதானத்தை விட்டு வந்ததும் யாரும் இல்லாமல் போவது ஒரு வீராங்கனையை அதிகம் நொறுக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே அவர் வாழ்ந்து காட்டிய சாட்சி. பிறகு அவர் பயிற்சியாளராக எழுந்து நின்றார். அது அவருடைய பலம். அமைப்புகள் அதற்குப் பெருமை கொண்டாட முடியாது.

என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

முதலில், அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். விடுதியில் தொடர்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், பயிற்சிக்கு ஒழுங்காக வருவது, சொந்தத் தூரத்திலும் நேரத்திலும் காட்டும் முன்னேற்றம், காயம், வயது, படிப்பு எல்லாவற்றையும் பார்த்து, கல்வியாண்டின் முடிவில், பெற்றோரையும் பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். நடு ஆண்டில் எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

தோல்விக்குத் தண்டனையாக ரவுண்டு ஓட விடுவதையும், சாப்பாட்டையோ போனையோ காட்டி மிரட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். பூட்டி வைத்த ஸ்பைக்ஸ்களை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். பெற்றோர் குழுவில் போட்ட பெயர்ப் பட்டியலை நீக்கிவிட்டு, இனி அப்படிப் போட மாட்டோம் என்று அதே குழுவில் எழுதுங்கள். பதக்கம் வாங்கியவர்களைப் பாராட்டுவதை யாரும் தடுக்கவில்லை, அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான்.

போட்டி நடந்த அன்று இரவு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் பேசட்டும். முக்கியமாகத் தோற்றவர்கள். அன்றைக்குப் பயிற்சியாளர்கள் தொழில்நுட்பக் குறைகளைப் பேச வேண்டாம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவதை ஒரு வழக்கமாக ஆக்குங்கள். அந்தப் பேச்சை முதலில் பிள்ளை தொடங்கட்டும்.

மனநல ஆலோசகரை மாதம் ஒரு முறையாவது விடுதிக்கு வரவழையுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் ஆலோசகரும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், எழுத்தில் கேட்டால் வருவார்கள். அதற்கான கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பேச நானே தயார். 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது. அதையும் குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் ஒவ்வொரு அறையிலும் எழுதி ஒட்டுங்கள், அந்த எண்களுக்குப் பேச யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றும் எழுதுங்கள். பல நாள் தூங்காத, சாப்பிடாத, யாரோடும் பேசாத, இருந்து என்ன பயன் என்று பேசுகிற பிள்ளையைக் கண்டால் அன்றே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. வார்டன் மேடத்துக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதைக் கண்டறிய ஒரு நாள் பயிற்சியாவது கொடுங்கள்.

கடைசியாக, பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்தைப் பதக்க எண்ணிக்கையோடு கட்டிப் போடுவதைக் கைவிடுங்கள். நன்கொடையாளர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், பெற்றோர் நாங்கள் சிலர் உங்களோடு வந்து பேசுகிறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்பு இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். பதில் வரும் வரை அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்காக என் மகளைப் பயிற்சியிலிருந்தோ போட்டியிலிருந்தோ ஒதுக்கினால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடுவேன் என்பதையும் இப்போதே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு நீளம் தாண்டும் மாணவி ஒருத்தியின் தாய்